முகத்துக்குக் குத்து இல்லாத சண்டை: வாசகர் கேள்வி-பதில்

ஃபுல் கான்டாக்ட் கராத்தேயின் கிளைகளைப் பற்றி வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடியைப் பாதியில் நிறுத்திக் காட்டாமல், எதிராளியின் உடலில் முழு வலுவோடு இறக்கி, அதன் விளைவைக் கொண்டு வெற்றியை முடிவு செய்யும் கராத்தேயைத்தான் இந்தப் பெயரால் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: கியோகுஷின், அஷிஹாரா, என்ஷின், செய்டோகைகான், கூடோ என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. இவை ஒன்றுக்கொன்று உறவுடையவையா, தனித்தனியாகத் தோன்றியவையா?

பதில்: உறவுதான். அதிலும், ஒரே வீட்டில் வளர்ந்து தனிக்குடித்தனம் போனவர்களின் உறவு. அந்த வீடு கியோகுஷின். கொரியாவில் 1923-இல் பிறந்து இளம் வயதிலேயே ஜப்பானுக்கு வந்த மசுதாட்சு ஓயாமா, ஃபுனாகோஷி கிச்சின் வழிவந்த ஷோடோகான் என்ற கராத்தே வழியையும், அதன் பிறகு கோஜு ரியூ என்ற மற்றொரு வழியையும் கற்றவர். உடலைத் தொடாமல் நிற்கும் குத்துக்கு என்ன வலு இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி அவரை விடவில்லை. அந்தக் கேள்விக்கு விடையாக அவர் உருவாக்கிய முறையே கியோகுஷின். 1964-இல் அது உலக அமைப்பாயிற்று. 1969-இல் முதல் அனைத்து ஜப்பான் போட்டியும் 1975-இல் முதல் உலகப் போட்டியும் நடந்தன.

ஓயாமாவின் மாணவரான ஹிதேயுகி அஷிஹாரா, ஷிகோகு தீவில் கியோகுஷினைப் பரப்பியவர். 1980-இல் அவர் வெளியேறி, மட்சுயாமா நகரில் தன் பெயரிலேயே அஷிஹாரா கராத்தேயைத் தொடங்கினார். அவரிடம் இருந்த கசுயோஷி இஷியி அதே ஆண்டில் ஒசாகாவில் செய்டோகைகானை நிறுவினார். அஷிஹாராவின் மற்றொரு மாணவரான ஜோகோ நினோமியா, அமெரிக்காவின் டென்வர் நகரில் 1988-இல் என்ஷினைத் தொடங்கினார். ஆகவே அஷிஹாரா ஓயாமாவின் மகன் என்றால், செய்டோகைகானும் என்ஷினும் பேரப்பிள்ளைகள். கூடோவின் கதை வேறு. அதை உருவாக்கிய தகாஷி அசுமா கியோகுஷினிலிருந்து நேராகவே பிரிந்து, 1981-இல் செண்டாய் நகரில் டைடோ ஜுகு என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியவர். அதனால் அது அஷிஹாராவுக்குப் பிள்ளை அல்ல, உடன்பிறப்பு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1975-இல் முதல் உலகப் போட்டியை வென்ற கட்சுவாகி சாட்டோ, 1977-இல் அனைத்து ஜப்பான் போட்டியை வென்ற அசுமா, அதற்கு அடுத்த ஆண்டு வென்ற நினோமியா ஆகிய மூவருமே பின்னாளில் தங்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு போன கதை அல்ல இது. அந்த விதிகளுக்குள் வென்று காட்டியவர்களே, விதிகள் விட்டுவைத்த இடைவெளியைப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: கியோகுஷினில் தலைக்கு உதைக்கலாம், ஆனால் முகத்தில் குத்தக் கூடாது என்கிறார்களே, இது முரணாக இல்லையா?

பதில்: மேலோட்டமாகப் பார்த்தால் முரண்தான். ஆனால் இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால், இந்தக் கிளைகளுக்கு இடையிலான வேறுபாடுகளில் முக்கால்வாசி புரிந்துவிடும் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கியோகுஷின் போட்டியில் கையுறை கிடையாது. வெறும் முட்டியால் முகத்தில் முழு வலுவோடு குத்தினால் பல் போகும், மூக்கு உடையும், குத்தியவரின் விரலெலும்பும் உடையும். ஒருவரே அடுத்தடுத்துப் பல சுற்றுகள் ஆட வேண்டிய போட்டியை அப்படி நடத்தி முடிக்க இயலாது. தலைக்கு வரும் உதையோ எப்போதாவது வருவது, தொலைவிலிருந்து கிளம்புவது, பார்த்துத் தடுக்க வாய்ப்புள்ளது. ஓயாமாவின் தொடக்க காலப் பயிற்சிக்கூடத்தில் முகத்தைத் தாக்கும் பழக்கமும் இருந்தது. போட்டி என்ற வடிவம் வந்தபோதுதான் முகத்துக்குக் குத்து உறுதியாக விலக்கப்பட்டது.

இனி விளைவைப் பாருங்கள். குத்துச்சண்டையில் இருவருக்கும் இடையே தூரத்தைக் காப்பது முன்னால் நிற்கும் கையால் முகத்துக்கு நீட்டும் நேர்க்குத்துதான். அது இல்லாத இடத்தில் எதிராளியை நெருங்கிச் செல்வதற்கு எந்த அச்சமும் இல்லை. ஆகவே இருவரும் நெற்றியோடு நெற்றி உரசும் அளவுக்கு நெருங்கி நின்று, நெஞ்சிலும் விலாவிலும் மாறி மாறிக் குத்திக்கொண்டே, தொடையின் வெளிப்பக்கத்தில் கணைக்கால் எலும்பால் உதைக்கிறார்கள். தொடை உதைக்கு இந்த முக்கியத்துவம் வந்ததில் தாய்லாந்துச் சண்டைமுறைக்கும் பங்குண்டு. 1964-இலேயே கியோகுஷினின் மூன்று வீரர்கள் பாங்காக் சென்று லும்பினி அரங்கில் தாய் வீரர்களோடு மோதி, இருவர் வென்று ஒருவர் தோற்றுத் திரும்பினார்கள். மூன்று நிமிட முதல் சுற்றில் முடிவு தெரியாமல் இரண்டு நிமிட நீட்டிப்புக்குப் போகும்போது, உதை வாங்கிய கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்கால் சற்றே மடிவதை அரங்கின் கடைசி வரிசையிலிருந்துகூடப் பார்க்கலாம். அந்த வலியை முகத்தில் காட்டாமல் இருப்பதும் அங்கே ஒரு கலைதான்.

இதன் நன்மை, வேறெந்தக் கராத்தேயிலும் எளிதில் கிடைக்காத உடல் உறுதியும் மூச்சுத் திறனும். தீமை, கைகள் தாமாகவே நெஞ்சு மட்டத்துக்கு இறங்கிவிடுவது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நின்றேன். முதன்முதலாகக் கையுறை அணிந்து ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர் முன்னால் நின்றபோது, முதல் நிமிடத்திலேயே என் மூக்கு அவருக்கு எவ்வளவு எளிதாக எட்டுகிறது என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் சிரித்தார், எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கியோகுஷினில் ஒரு அடியால் விழுந்தவர் மூன்று விநாடிகளுக்குள் எழுந்து தொடர்ந்தால் எதிராளிக்கு வாஸா ஆரி, அதாவது அரைப்புள்ளி. எழ முடியாவிட்டால் இப்போன், அதாவது முழுவெற்றி. இரண்டு அரைப்புள்ளிகளும் முழுவெற்றிக்குச் சமம். நீட்டிப்புகளுக்குப் பிறகும் சமநிலை என்றால், உடல் எடை குறைந்தவருக்கு வெற்றி கொடுப்பதும், அதிலும் தீராவிட்டால் முன்பே யார் அதிகப் பலகைகளை உடைத்தார்கள் என்று எண்ணுவதும் பெரிய போட்டிகளின் வழக்கம்.

கேள்வி: அஷிஹாரா கராத்தேயில் அடிக்கடி சொல்லப்படும் 'சபாகி' என்பது என்ன? அது வெறும் விலகல்தானா?

பதில்: விலகல் அதில் பாதிதான். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ஒன்றைச் சமாளித்துக் கையாளுதல் என்ற பொருள் உண்டு. எதிராளியின் வேகத்தை நேருக்கு நேர் தாங்காமல், அவரால் உடனே திருப்பித் தாக்க இயலாத, ஆனால் நம்மால் தாக்க இயலும் ஒரு மூலைக்கு நகர்ந்துகொள்வதே சபாகி.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். எதிராளி வலக்கையால் நெஞ்சுக்குக் குத்துகிறார். கியோகுஷின் வீரர் பெரும்பாலும் அதை வாங்கிக்கொண்டே திருப்பிக் குத்துவார். அஷிஹாரா வீரர் இடக்காலைச் சாய்வாக முன்னே வைத்து, குத்து வரும் கையின் வெளிப்பக்கத்துக்குப் போகிறார்; அவருடைய இடக்கை எதிராளியின் முழங்கைக்கு மேலே ஒட்டி, குத்து போகும் திசையிலேயே மெல்லத் தள்ளிவிடுகிறது. இப்போது அவர் எதிராளியின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். எதிராளி திரும்பினால்தான் அவரை அடிக்க முடியும். திரும்புவதற்கோ உடல் எடை தாங்கிய காலைத்தான் சுழற்ற வேண்டும். அந்தக் கால் மீது வலத்தொடை உதை இறங்குகிறது. தோளைப் பிடித்துக் கீழே இழுத்து முழங்காலால் இடிப்பதும், அங்கிருந்தே காலை வாரி வீழ்த்துவதும் அதன் தொடர்ச்சி.

அஷிஹாரா இதை ஏன் உருவாக்கினார் என்பதற்கு விடை முந்தைய பதிலிலேயே இருக்கிறது. நெருங்கி நின்று மாறி மாறி அடித்துக்கொள்ளும் ஆட்டத்தில் உடல் பெரியவருக்கே சாதகம். உடல் சிறியவர் ஒருவர் முழுவலுச் சண்டையில் நீடிக்க வேண்டுமானால் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. எழுதுவது எளிது, வலக்கைக் குத்து நெஞ்சுக்கு நேராக வரும்போது முன்னே கால் வைப்பது எளிதல்ல, ஏனென்றால் அச்சம் வந்தால் கால் பின்னால்தான் போகும். சபாகியைக் கற்பதில் பாதி, அந்தக் காலைப் பழக்குவதுதான்.

கேள்வி: அப்படியானால் என்ஷினுக்கும் அஷிஹாராவுக்கும் என்ன வேறுபாடு? வீடியோவில் பார்த்தால் ஒன்று போலவே தெரிகிறது.

பதில்: உங்கள் கண் தவறாகப் பார்க்கவில்லை. அடிப்படை ஒன்றே, சபாகிதான் என்ஷினுக்கும் முதுகெலும்பு. வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது. பிடித்தல், இழுத்தல், காலை வாருதல், எறிதல் ஆகியவற்றை என்ஷின் போட்டிக்குள்ளேயே தாராளமாகக் கொண்டுவந்திருக்கிறது. நினோமியா நடத்திவரும் சபாகி சேலஞ்ச் போட்டியில் எதிராளியின் உடையை ஒரு கையால், சில விநாடிகள் வரை பிடித்துக்கொண்டு தாக்கலாம். சுத்தமாக வீழ்த்தினால் புள்ளி உண்டு. முகத்துக்குக் குத்து அங்கும் கிடையாது. என்ஷின் என்ற சொல்லில் வட்டம் என்ற பொருள் அடங்கியிருப்பதற்கேற்ப, எதிராளியைச் சுற்றி நகர்ந்து, அவர் சமநிலையைக் குலைக்கும் போக்கு அதில் கூடுதலாகத் தெரியும்.

கேள்வி: கே-1 கிக்பாக்ஸிங் போட்டிக்கும் கராத்தேக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நேரடியான சம்பந்தம். 1993-இல் கே-1-ஐத் தொடங்கியவர் செய்டோகைகானின் இஷியி. முகத்துக்குக் குத்து வேண்டுமென்றால் கையுறை அணிந்துகொள்ளலாமே என்பது அவர் கண்ட விடை. கராத்தேக்காரரையும் தாய் வீரரையும் கிக்பாக்ஸரையும் ஒரே வளையத்தில் ஏற்றி, சுருக்கமான விதிகளோடு தொலைக்காட்சிக்கு ஏற்ற ஆட்டமாக அதை அவர் அமைத்தார். செய்டோகைகான் வெறும் கை கராத்தேயை விட்டுவிடவில்லை. ஆனால் கையுறைச் சண்டைக்கு வாசலைத் திறந்துவிட்ட பள்ளி என்ற பெயர் அதற்கே உரியது.

இந்த மாற்றத்தை ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் ஸ்விட்சர்லாந்தின் ஆண்டி ஹூக்கைப் பார்க்கலாம். 1987 கியோகுஷின் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஷோகேய் மட்சுயியிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றவர், பின்னர் செய்டோகைகானுக்கு மாறி, 1996-இல் கே-1 கிராண்ட் பிரியை வென்றார். காலைத் தலைக்கு மேலே உயர்த்திக் குதிகாலால் கோடரி போல வெட்டும் அவருடைய உதை கராத்தேயிலிருந்து அப்படியே வந்தது. குத்துச்சண்டைக் கைகளை மட்டும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

கேள்வி: கூடோ வீரர்கள் கண்ணாடித் தொப்பி அணிந்து சண்டையிடுவதைப் பார்த்தேன். அதை இன்னும் கராத்தே என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாமா என்ற கேள்வியை அதை நடத்துபவர்களே கேட்டுக்கொண்டார்கள் போலும். 2001-இல் முதல் உலகப் போட்டியை நடத்தியபோது, டைடோ ஜுகுவின் விளையாட்டுக்குக் கூடோ என்ற தனிப்பெயர் வழங்கப்பட்டுவிட்டது.

இஷியி கையைக் கையுறையால் மூடினார் என்றால், அசுமா முகத்தை மூடினார். ஒளிபுகும் பிளாஸ்டிக் முகத்தட்டு உள்ள தலைக்கவசத்தை அணிவதால், முகத்துக்குக் குத்து மட்டுமல்லாமல் முழங்கை, தலைமுட்டல் ஆகியவையும் அனுமதிக்கப்படுகின்றன. கைகளில் பருத்த கையுறை இல்லாததால் எதிராளியின் உடையைப் பிடிக்க முடிகிறது. பிடிக்க முடிவதால் ஜூடோ எறிதல்கள் வருகின்றன. எறிந்த பிறகு தரையில் 30 விநாடி வரை பூட்டுப்பிடிகளுக்கும் கழுத்துப்பிடிக்கும் நேரம் தரப்படுகிறது. எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதைக் கவனியுங்கள். புள்ளிகள் 1, 2, 4, 8 என்று அடியின் விளைவைப் பொறுத்து ஏறும். 8 என்பது முழுவெற்றி.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது எடைப் பிரிவுக்குப் பதிலாக அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் கூட்டினால் வரும் எண்தான் பிரிவைத் தீர்மானிக்கிறது. 170 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு அந்த எண் 240. கை நீளமும் ஒரு ஆயுதம் என்பதை இவ்வளவு எளிமையாக ஒப்புக்கொண்ட முறை வேறில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முகத்தட்டு மூக்கையும் பல்லையும் காக்கும். தலை அதிர்வதைத் தடுக்காது. தலைக்கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் பயிற்சியில் நாள்தோறும் தலையில் அடி வாங்குவது அறிவுடைமை அல்ல.

கேள்வி: இந்தப் பள்ளிகளில் கட்டா கற்றுத் தருகிறார்களா?

பதில்: கட்டா என்பது எதிராளி இல்லாமல் தனியே செய்து பழகும், வரிசைப்படுத்திய அசைவுத் தொடர். கியோகுஷினில் அதைக் கற்றுத் தருகிறார்கள். ஓயாமா கற்ற இரண்டு வழிகளின் தடமும் அதில் உண்டு. தைக்யோகு, பினான் போன்றவை ஷோடோகான் பக்கமிருந்தும், சாஞ்சின், டென்ஷோ, கெகிசாய் போன்றவை கோஜு ரியூ பக்கமிருந்தும் வந்தவை. ஆனால் கட்டாவில் பழகும் ஆழ்ந்த நிலைக்கும், போட்டியில் நிற்கும் நிமிர்ந்த நிலைக்கும் தொடர்பு குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அஷிஹாரா அந்தப் பழைய கட்டாக்களை ஒதுக்கிவிட்டு, சபாகி நகர்வுகளையும் உண்மையில் சண்டையில் வரும் அடித்தொடர்களையும் கொண்டு புதிய கட்டாக்களை அமைத்தார். என்ஷினும் அதே வழியில் தனக்கென அமைத்துக்கொண்டது. கூடோவில் கட்டாவுக்கு முக்கிய இடமில்லை. சண்டைக்கு அஷிஹாராவின் வழியே பயன்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் சாஞ்சினை மூச்சடக்கி மெதுவாகச் செய்து முடித்த பிறகு உடலில் ஏற்படும் இறுக்கத்தை அந்தப் புதிய கட்டாக்களில் நான் உணர்ந்ததில்லை.

கேள்வி: ஒரே கியோகுஷின் சின்னத்தோடு பல அமைப்புகள் இருப்பது ஏன்?

பதில்: 1994-இல் ஓயாமா மறைந்ததும் வாரிசுரிமைச் சிக்கல் எழுந்தது. மட்சுயியின் தலைமையை ஏற்றவர்கள் ஒருபுறமும் ஏற்காதவர்கள் பல புறமுமாகப் பிரிந்தார்கள். 1991 உலகப் போட்டியை வென்ற கென்ஜி மிடோரியின் தலைமையிலான பிரிவு பின்னர் ஷின்கியோகுஷின்காய் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இவற்றுக்கிடையே உள்ளது அமைப்பு வேறுபாடுதான். பயிற்சியில் பெரிய வேறுபாடு இல்லை. விதிகளில் சிறு திருத்தங்கள் மட்டும் அமைப்புக்கு அமைப்பு மாறும்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஃபுல் கான்டாக்ட் பள்ளியில் சேர்க்கலாமா? எந்தக் கிளை நல்லது?

பதில்: கிளையைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், ஒரு வகுப்பு முழுவதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள். குழந்தைகள் இணைந்து சண்டைப் பயிற்சி செய்யும்போது தலைக்கவசமும் கணைக்கால் உறையும் அணிகிறார்களா, உயரமும் எடையும் ஒத்த இணையைத் தருகிறார்களா, அழும் குழந்தையை ஆசிரியர் என்ன செய்கிறார் என்ற மூன்றையும் கவனியுங்கள். அந்த வயதில் நகரவும் விழவும் கற்றுக்கொடுக்கும் பள்ளி, அடி வாங்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியைவிட மேலானது. அந்த வகையில் சபாகி வழிப் பள்ளிகள் பக்கம் என் மனம் சற்றே சாய்கிறது. ஆனால் கனிவான ஒரு கியோகுஷின் ஆசிரியர் அருகில் இருந்தால் அவரிடமே சேருங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாகக் கியோகுஷின் பயில்கிறேன். கூடோவுக்கு மாற நினைக்கிறேன். எது கடினமாக இருக்கும்?

பதில்: தொடை உதையும், உடலில் அடி தாங்கும் திறனும், மூச்சும் உங்களோடு வரும், அவற்றில் அங்குள்ள பலரைவிட நீங்கள் முன்னே இருப்பீர்கள். எறிதலுக்கு முதல் சில மாதங்கள் விழப் பழகினால் போதும். முகத்தட்டுக்குள் மூச்சு வாங்குவதும், அது ஆவி படிந்து மங்கும்போது பதறாமல் இருப்பதும் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

பழகாமல் அடம் பிடிக்கப்போவது உங்கள் கால்கள். ஆறு ஆண்டுகளாக நெஞ்சுக்கு நெஞ்சு நிற்கப் பழகியவை அவை. ஓரடி பின்னால் நிற்கச் சொன்னால் எதையோ இழந்ததுபோலத் தவிக்கும். அந்த ஓரடியை மறந்து நீங்கள் கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் முகத்தட்டில் ஒரு குத்து விழும். முதல் மாதத்தில் பொறுமையான ஓர் இணையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கை இறங்கும்போதெல்லாம் முன்னால் நிற்கும் கையால் முகத்தட்டை லேசாகத் தொடச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் முடிந்ததும் எத்தனை முறை தொட்டார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.